விடுதிப் பிள்ளைக்கு வழிகாட்டியாகப் போகிறவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் டிரஸ்டுக்குப் புதிதாக நாலைந்து பேர் வருவார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, ஐடி கம்பெனியில் இருந்துகொண்டு சனி ஞாயிறு ஊருக்கு வந்துபோகும் இளைஞர். ஆளுக்கு ஒரு பிள்ளையையோ இரண்டு பிள்ளைகளையோ ஒப்படைப்போம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவந்து, திருவண்ணாமலை, போளூர் பக்கம் விடுதியில் தங்கி, ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள். துணிமணி, நோட்டு, பஸ் காசு, தேவைப்பட்டால் டியூஷன் எல்லாவற்றையும் யாரோ ஒரு நன்கொடையாளர் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. "அப்போ நான் என்னதான் செய்யணும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். வருஷா வருஷம் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை கெட்ட செய்தியைப் பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அப்பா அம்மா காசில் படிக்கிற பிள்ளை "எனக்கு இந்த ஸ்கூல் பிடிக்கல" என்று வீட்டில் கத்தும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும். அடுத்தவர் காசில் படிக்கிற பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது. மார்க் குறைந்தாலும் சொல்லாது, காய்ச்சல் வந்தாலும் சொல்லாது, பக்கத்துக் கட்டில் பையன் அடித்தாலும் சொல்லாது. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். இவ்வளவு செய்கிறவர்களிடம் போய்க் குறை சொல்வதா என்று கூச்சம்.

எனக்கு முதன்முதலில் கொடுத்த பையன் ஒன்பதாவது படித்தான். காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் மார்க் சரிந்திருந்தது. "படிக்கிறேண்ணா, படிக்கிறேண்ணா" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. ஒருநாள் அவன் அறிவியல் நோட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். பாடத் தலைப்பில் 'ஒலிச்சேர்க்கை' என்று எழுதியிருந்தான். பக்கத்தில் உட்காரும் பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தால் அதிலும் அதே 'ஒலிச்சேர்க்கை'. போர்டில் எழுதியது இவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பையனைப் பார்த்துத்தான் ஆறு மாதமாக எழுதியிருக்கிறான், அவன் பிழையையும் சேர்த்து. கண் டாக்டரிடம் போகலாம் என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடி எவ்வளவு ஆகும்ண்ணா?"

இனி ஒவ்வொன்றாக.

முதலில் மலையேறுங்கள்

பிள்ளையை விடுதியில் பார்ப்பதற்கு முன்பே, முடியாவிட்டால் முதல் மாதத்துக்குள், வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ், அங்கிருந்து கிராமத்துக்கு ஷேர் ஆட்டோவோ நடையோ. இதைத் தவிர்த்துவிட்டு நேராக விடுதிக்குப் போகிறவர்கள் பாதி விஷயம் தெரியாமலேயே இரண்டு வருஷம் ஓட்டிவிடுகிறார்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது வறுமையை அல்ல. அதைத்தான் விண்ணப்பப் படிவத்தில் ஏற்கெனவே எழுதி வாங்கியிருப்போம். வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மலையில் பல வீடுகளில் அப்பா அம்மா இரண்டு பேரும் கேரளத்து எஸ்டேட்டுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், பாட்டிதான் இருப்பார். முடிவெடுக்கிறவர் யார்? பல சமயம் அது அப்பாவாக இருக்காது, தாய்மாமனாக இருக்கும். போன் யாரிடம் இருக்கிறது, சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும், எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இன்னொரு நம்பரும் வேண்டும், பக்கத்து வீடோ டீக்கடையோ. ஊர்த் திருவிழா எந்த மாதம் என்றும் கேட்டு வையுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாயை விரித்தால் பாயில் உட்காருங்கள். சாமைச் சோறு போட்டால் சாப்பிடுங்கள், பாட்டில் தண்ணீரை வெளியே எடுக்காதீர்கள். அம்மாவிடம் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். சின்ன வயசில் என்ன உடம்புக்கு வந்தது, எதற்குப் பயப்படுவான், கோபம் வந்தால் என்ன செய்வான். கிளம்பும்முன் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "பிள்ளை உங்க பிள்ளைதான்மா. எது முடிவு பண்றதா இருந்தாலும் உங்களைக் கேட்டுத்தான்." இதைக் கேட்டதும் ஓர் அம்மா சட்டென்று அழுதுவிட்டார். டிரஸ்டுக்காரர்கள் பெண்ணைத் தத்தெடுத்துக்கொண்டார்கள் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷமாக அதை நம்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஒரு ஃபைல் போடுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் பிள்ளையின் தலையெழுத்து பல சமயம் இங்கேதான் மாறுகிறது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பழைய மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அசல் வீட்டிலோ பிள்ளையிடமோ இருக்கட்டும், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சாதிச் சான்றிதழைப் பாருங்கள். ஜவ்வாது மலைப் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளி இனத்தவர் (கேரளத்து மலையாளி அல்ல, மலைவாழ் மக்கள்), பழங்குடியினர் பட்டியலில் வருகிறவர்கள். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். விசாரணை, பெற்றோரின் சான்றிதழ், அண்ணன் அக்காவின் சான்றிதழ் என்று இழுக்கும். பிளஸ் டூ முடித்து கவுன்சலிங் வரும்போது ஓடினால் கிடைக்காது. ஒன்பதாவதிலேயே ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, ரசீது நம்பரை எழுதி வைத்து, மாதம் ஒருமுறை விசாரியுங்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து, வங்கியில் இனிஷியல் மாறி என்று இருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்முன் பள்ளியில் பிள்ளைகளிடம் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்த வாரம் நீங்களும் கூட இருந்து இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் பாருங்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் அச்சானதை அப்புறம் மாற்றுவது பெரிய தலைவலி. 15 வயது ஆனதும் ஆதாருக்கு மறுபடி கைரேகை, கண் பதிவு செய்ய வேண்டும், 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், உதவித்தொகை பாதி அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும். எட்டாவதில் தேசிய வருவாய்வழித் தேர்வில் ஜெயித்த பிள்ளையாக இருந்தால், ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உண்டு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தால்தான் வரும்.

நல்ல மனசுள்ளவர்கள் செய்கிற ஒரு பெரிய தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பிள்ளை நல்லா படிக்குது, ஒரு நல்ல பிரைவேட் ஸ்கூல்ல சேர்த்துடலாம், ஃபீஸ் நான் கட்டறேன்" என்று நன்கொடையாளர் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் உண்டு. அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போனால்கூட இந்த ஒதுக்கீடு போய்விடும். கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை. இரண்டு வருஷத்து ஃபீஸ் கட்டி நாலு வருஷத்துப் படிப்பைக் கெடுத்த கதை எங்களிடமே ஒன்று இருக்கிறது. பள்ளி மாற்றும் பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும், முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். திட்டங்களின் விதி மாறும், அதனால் வருஷா வருஷம் தலைமையாசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் சந்திப்பு

முதல் நாள் அறிவுரை வேண்டாம். அப்துல் கலாம் கதை வேண்டவே வேண்டாம், அதைப் பிள்ளை ஆறாவதிலிருந்து ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் கேட்டிருக்கும்.

வார்டனிடம் டிரஸ்ட் கடிதத்தைக் கொடுத்து, பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வராந்தாவிலோ பொதுக்கூடத்திலோ நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருங்கள். மாணவியர் விடுதி என்றால் பெண் வழிகாட்டி மட்டும்தான். ஆண் போக வேண்டி வந்தால் எங்கள் டிரஸ்டில் உள்ள பெண் ஒருவரோடு போக வேண்டும். பிள்ளையைத் தனியாக அறைக்குள் அழைத்துப் பேசுவது, வார்டனிடம் எழுதிக் கொடுக்காமல் வெளியே கூட்டிப்போவது, ராத்திரியில் வாட்ஸ்அப் செய்வது மூன்றும் கூடாது. உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் இதே விதிதான்.

சரி, என்ன பேசுவது? "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" என்று வரும். "நல்லா படிக்கிறியா?", "படிக்கிறேன் சார்." இப்படி அரை மணி நேரம் ஓடிவிடும், ஒன்றும் தெரிந்திருக்காது. பதிலுக்குப் பொய் சொல்ல முடியாத சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். நேற்று ராத்திரி என்ன குழம்பு? உன் கட்டில் ஃபேனுக்குக் கீழேயா, ஜன்னல் பக்கமா? காலையில் பாத்ரூமுக்கு எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறாய்? மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அடுத்த தடவையும் அதையே கேளுங்கள்.

என்னை 'சார்' என்று கூப்பிட்ட பிள்ளை என்றைக்கு 'அண்ணா'வுக்கு மாறுகிறதோ அன்றைக்குத்தான் உண்மையான பேச்சு தொடங்கும். நீங்களாக "அண்ணான்னு கூப்பிடு" என்று கேட்டு வாங்காதீர்கள். சிலர் கடைசிவரை 'சார்' என்றே சொல்வார்கள், அதுவும் பரவாயில்லை.

விடைபெறும்போது அடுத்த முறை என்று வருவீர்கள் என்று தேதி சொல்லுங்கள். 'வர்றேன்', 'அடுத்த மாசம் பார்க்கலாம்' எல்லாம் கணக்கில் சேராது. "ஜூலை ரெண்டாவது ஞாயிறு, பத்து மணிக்கு" என்று சொன்னால் அந்தப் பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அப்பா அம்மா வருகிற நாளில் ஒரு பிள்ளை குளித்து, தலை வாரி, சட்டையை மாற்றிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். வர முடியாவிட்டால் வார்டன் போனுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு தடவை டூ வீலர் பஞ்சராகி, "சரி, மதியம் போகலாம்" என்று விட்டுவிட்டேன். போனபோது மணி இரண்டரை. பையன் சாப்பிடாமல் அங்கேயே இருந்தான். சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் நான் வந்து திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்தானாம்.

வார்டனையும் மறந்துவிடாதீர்கள். அறுபது எழுபது பிள்ளைகளை ஒரே ஆளாக மேய்க்கிறவர் அவர். போனதும் புகார்ப் பட்டியலை நீட்டினால் அடுத்த வாரமே உங்கள் பிள்ளைக்குத்தான் அது திரும்பி வரும். சமையல்காரம்மாவிடம் நாலு வார்த்தை பேசுங்கள். எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சோற்றைக் கொட்டுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

பெட்டியும் பணமும்

முதல் மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டு நினைப்பில் அழும். பத்து நாள், பதினைந்து நாளில் குறையும். ஒரு பெண் ஒரு மாதமாகியும் அழுகையை நிறுத்தவில்லை. அவள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு துணிமூட்டையில் இரண்டு படி சாமை இருந்தது. அம்மா கொடுத்தனுப்பியது. விடுதியில் அதைச் சமைக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், சும்மா வைத்திருந்தாள். எலி வருகிறது, தூக்கி எறி என்று வார்டன் சொல்ல, இவள் மாட்டேன் என்று அழ, எனக்கு முன் அங்கே போயிருந்த பெண் வழிகாட்டி மூடி இறுக்கமான ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்தார். எலியும் வரவில்லை, அழுகையும் நின்றது. அந்த வருஷம் எங்கள் டிரஸ்டில் நடந்த உருப்படியான காரியம் அதுதான் என்று நான் சொல்வதுண்டு.

பணத்துக்கு எங்கள் வழக்கம் இது. மாதம் 300 ரூபாய் கைச்செலவு, டிரஸ்ட் கணக்கிலிருந்து பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகும். நீங்கள் கையில் காசு கொடுக்க வேண்டாம். சோப்பு, தேங்காய் எண்ணெய், நாப்கின், செருப்பு மாதிரி வேண்டியதைப் பொருளாக வாங்கித் தரலாம், விடுதியில் மற்ற பிள்ளைகள் பார்த்து ஏங்காத அளவுக்கு. செல்போன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் விடுதியில் பறித்து வைப்பார்கள், இல்லை திருட்டுப் போகும், இரண்டுமே பிள்ளை தலையில்தான் விழும்.

சில பிள்ளைகள் அந்த 300 ரூபாயைச் சேர்த்து வீட்டுக்கு அனுப்பும். கண்டுபிடித்துத் திட்டாதீர்கள். தம்பிக்குச் செருப்பு வாங்க அனுப்பியிருப்பாள். சோப்பு இல்லாமல் அவள் குளிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். பெற்றோர் உங்களிடம் கடன் கேட்டால், "டிரஸ்ட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி உண்மையாகவே எங்களிடம் சொல்லுங்கள். ஒருமுறை நீங்கள் கடன் கொடுத்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாது.

படிப்பு

நீங்கள் டியூஷன் வாத்தியார் இல்லை. ஆனால் மூன்று இடத்தில் கூட நிற்க வேண்டும்.

முதலாவது, பத்தாவது முடிந்ததும் குரூப் எடுக்கிற நேரம். மே மாதம் ரிசல்ட் வந்த வாரத்துக்குள் முடிவாகிவிடும், நாம் சோம்பலாக இருந்தால் 'ஃபிரண்டு எடுத்தான், நானும் எடுத்தேன்' கதையாகிவிடும். எந்தக் குரூப் எந்த வாசலைத் திறக்கும் என்பதை மட்டும் பிள்ளைக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள். நீட் எழுத உயிரியல் வேண்டும். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு, அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. வணிகவியல் எடுத்தால் பி.காம்., சி.ஏ. என்று வேறு வரிசை. நன்கொடையாளருக்கு டாக்டர் வேண்டும் என்பதற்காகப் பிள்ளை உயிரியல் எடுக்கக் கூடாது. இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெரியவர்கள் முன்னால் எல்லாப் பிள்ளையும் டாக்டர் என்றுதான் சொல்லும்.

இரண்டாவது, மீடியம். பத்துவரை தமிழில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்குத் தாவுகிறவர்கள் நிறைய. இயற்பியலில் நல்ல பையன் ஒருவன் முதல் தேர்விலேயே படுத்துவிட்டான். என்னடா என்றால், 'ஆக்சிலரேஷன்' என்றால் பைக்கில் முறுக்குகிறார்களே, அதைத்தான் டீச்சர் சொல்கிறார் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். முடுக்கம் என்று சொன்னதும் சூத்திரத்தோடு மளமளவென்று ஒப்பித்தான். மீடியம் மாறுகிற பிள்ளைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிர்ப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பாடவாரியாக எழுதச் சொல்லுங்கள். விசை, உந்தம், திசைவேகம், இணைதிறன் என்று ஆரம்பித்தால் தீபாவளிக்குள் பிள்ளை தலைதூக்கிவிடும். தமிழ் வழியிலேயே தொடர்வதும் மோசமான முடிவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவருக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, மீடியம் மாறினால் அது போய்விடும்.

மூன்றாவது, பிளஸ் ஒன். 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது, 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. பிள்ளைக்கு நிம்மதிதான். ஆனால் அந்த வருஷத்தை ஓய்வு வருஷமாக எடுத்துக்கொள்கிற பழக்கம் பழையபடி வரும். நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் சேர்த்துத்தான் கேட்பார்கள், கல்லூரியில் முதல் வருஷப் பாடம் முழுக்க அதன் மேல்தான் நிற்கும்.

மார்க் ஷீட்டைப் பார்க்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். பிள்ளை பேப்பரைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பழைய மார்க்கோடு ஒப்பிட்டு, எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி போனது என்று விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். பதில் தெரிந்தும் நேரம் போதாமல் விட்டதா, தெரியவே தெரியாதா என்பது இரண்டும் வேறு வேறு வியாதி.

உடம்பு

விடுதி என்றால் சொறி சிரங்கு. வெட்கப்பட்டு மறைத்து வைப்பார்கள். விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது. அறையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் போட்டு, போர்வை, துணி எல்லாம் வெந்நீரில் அலச வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மருந்து தருவார்கள்.

பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். பாதிப் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாக எறிந்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிற பெண் பிள்ளைகள் நிறைய. காரணம் கேட்டால் பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது தெரியவரும். அதைத் தலைமையாசிரியையிடம் பேசுவது உங்கள் வேலை.

தூக்கமில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்களே கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

லீவு முடிந்து திரும்பாத பிள்ளை

படிப்பு நிற்பது பெரும்பாலும் பள்ளியில் இல்லை, லீவில். தீபாவளி, அரையாண்டு லீவு, பொங்கல், ஊர்த் திருவிழா. வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வராது. அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும், இல்லை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நின்றிருக்கும், இல்லை கல்யாணப் பேச்சு நடக்கும். திருவிழா மாதத்தை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பள்ளி திறக்கிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டு நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். "பஸ் எத்தனை மணிக்கு? பை கட்டியாச்சா?" அவ்வளவு போதும். திறந்த நாளன்று வார்டனுக்கு ஒரு போன். வரவில்லை என்றால் மூன்றாம் நாள் மலையேறுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் பிள்ளைக்கே கூச்சம் வந்து, "இனிமே எப்படிப் போறது" என்று நின்றுவிடும். போய்த் திட்ட வேண்டாம், "உன் கட்டில் அப்படியே இருக்கு, வா" என்று கூப்பிடுங்கள்.

18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு என்று தெரிந்தால் மட்டும் பொறுமை காட்ட வேண்டாம். முதலில் பெற்றோரிடம் பேசுங்கள், அன்றே டிரஸ்டுக்கும் சொல்லுங்கள். ஏற்பாடு நிற்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

நன்றிக் கடிதம்

இதில் எனக்கும் டிரஸ்டில் சிலருக்கும் ஒத்துப்போவதில்லை. வருஷம் இரண்டு தடவை நன்கொடையாளருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டும். "தாங்கள் செய்த உதவியை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்" என்று போர்டில் ஒருவர் எழுதிப்போட, நாற்பது பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அந்தக் கடிதத்தை எழுதிய பிள்ளை அடுத்த வாரம் கணக்கில் ஃபெயில் என்று எப்படிச் சொல்லும்?

நான் என் பிள்ளைகளிடம் நன்றி என்ற வார்த்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இந்த மாதம் பள்ளியில் நடந்தது ஒன்று, கஷ்டமாக இருக்கிற பாடம் ஒன்று, வீட்டில் நடந்தது ஒன்று என்று எழுதச் சொல்வேன். ஒரு பையன் எழுதினான்: 'எங்கள் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது. வேதியியல் புரியவில்லை.' அந்த நன்கொடையாளர் பதில் கடிதத்தில் குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டிருந்தார். தனக்கும் பள்ளியில் வேதியியல் வந்ததில்லை என்றும் எழுதியிருந்தார். பையன் அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறான்.

பிள்ளையின் போட்டோவை, கதையை உங்கள் முகநூலில் போடாதீர்கள். கூடப் படிக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

கொடுக்கக் கூடாத வாக்கு

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்வேன்." இந்த வார்த்தை ஒருநாள் வரும். சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்து இல்லாத விஷயம்னா என்கிட்டயே இருக்கும். ஆபத்துன்னா உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். இதற்கப்புறமும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டம், 2012ன்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம், ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு. நீங்கள் துருவித் துருவி விசாரிக்கக் கூடாது, பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. கேட்டதைப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொண்டு 1098க்கோ காவல் நிலையத்துக்கோ அன்றே சொல்லுங்கள். விடுதியின் பெயர் கெட்டுவிடும், டிரஸ்ட் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது உங்களைத் தடுத்தால், அது நானாக இருந்தாலும், கேட்காதீர்கள்.

ரிசல்ட் நாள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காமல், ரிசல்ட் தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பதிவெண், பிறந்த தேதி இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு அன்று ஊரே போன் செய்யும், நீங்கள் சாயங்காலம் பேசினால் போதும். சந்தேகமாக இருக்கிற பிள்ளைக்கு முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், கண்ணாடி போட்ட அந்தப் பையனின் தம்பி பிளஸ் டூ எழுதியிருந்தான். நான் போனை எடுப்பதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான்.

"அண்ணா, கெமிஸ்ட்ரி போச்சு. தியரில பதினொன்னு."

செய்முறைத் தேர்வு உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வில் 70க்குப் பதினைந்தாவது வேண்டும், மொத்தத்தில் 35. நாலு மார்க்கில் போயிருந்தது.

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் பாஸ்."

"வீட்ல சொன்னியா?"

"இல்லண்ணா. உங்ககிட்டதான் மொதல்ல."

"சாப்டியா?"

"இல்ல."

"சாப்பிட்டுட்டு அம்மாகிட்ட சொல்லு. அம்மா என்ன சொன்னாலும் பதில் பேசாத. திங்கட்கிழமை கீழ வா, ஸ்கூல்ல துணைத் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட்டுடலாம். ஆதார் கார்டு, ஹால் டிக்கெட் ரெண்டும் எடுத்துக்க."

"சரிண்ணா. பஸ்ஸு ஆறரைக்குண்ணா."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். துணைத் தேர்வுக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. ஃபைலிலிருந்து பழைய வேதியியல் விடைத்தாள்களை எடுத்து மேஜையில் பரப்பிவிட்டு, எந்தக் கேள்வி போனது என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம்.